கடுகு டப்பா கணக்கு

சம்பளம் வந்த முதல் வாரம் நம் ஆள் ராஜா. பிரியாணி, அதன் தலையில் ஒரு ஆம்லெட், பிறகு ஜில்லென்று ஒரு ஃபலூடா. இரண்டாவது வாரம் மந்திரி. பிரியாணி உண்டு, ஃபலூடா கட். மூன்றாவது வாரம் சேனாதிபதி. பரோட்டாவும், கேட்கக் கேட்க ஊற்றுகிற சால்னாவும். நான்காவது வாரம்? ரூம்மேட் ஒளித்து வைத்த பிஸ்கட் பாக்கெட்டைத் தேடி அலமாரியைக் குடைகிற சாதாரணக் குடிமகன்!

"எங்கே சார் போச்சு காசு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக இருக்கும். வாடகை, இ.எம்.ஐ., பெட்ரோல், விலைவாசி, கடைசியில் வழக்கம்போல அரசாங்கம். யாரும் தன் வயிற்றைக் குறை சொல்வதில்லை. பாவம், அது நம்ம வயிறாச்சே!

பி.காம். படிக்கிறவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் முதல் பாடமே செலவை இரண்டாகப் பிரிப்பதுதான். நிலையான செலவு, மாறும் செலவு. வாடகை முதல் ஜாதி. குறைக்கச் சொல்லி ஹவுஸ் ஓனரிடம் கேட்டால், அவர் வாடகைக்குப் பதில் உங்களைக் குறைத்து விடுவார். இ.எம்.ஐ.யும் அப்படித்தான், பேங்க்காரர் கண்ணீருக்கு அசைய மாட்டார். மாதாமாதம் நம் சொல்பேச்சு கேட்கிற ஒரே பெரிய இலாகா சாப்பாடு. அந்த இலாகாவைத்தான் நாம் முழுசாக செல்போனிடம் ஒப்படைத்து விட்டோம்.

சிக்கனம் என்றதும் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவது ஞாபகத்துக்கு வரும். அதை விடுங்கள், அந்த அம்மா பிழைக்கட்டும். மளிகையில் மிச்சம் பிடிப்பது கடையில் நடக்கிற காரியமே இல்லை. 'இன்னிக்கு ராத்திரி என்ன சாப்பாடு?' என்பதை எத்தனை மணிக்கு முடிவு செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். காலை 8 மணிக்கு முடிவு செய்தால் ஒரு விலை. ராத்திரி 9 மணிக்கு முடிவு செய்தால் வேறு விலை. எவ்வளவு வித்தியாசம்? கணக்கே போட்டு வைத்திருக்கிறேன்.

எதிர் போர்ஷன் பேலன்ஸ் ஷீட்

வேளச்சேரியில் எங்கள் எதிர் போர்ஷனில் மூன்று தம்பிகள். ஒருவர் தென்காசி, ஒருவர் சேலம், ஒருவர் கும்பகோணம். மூவருக்கும் மூன்று ஆபீஸ், ஒரே அடுப்பு. அந்த அடுப்பின் மேல் ஹெல்மெட் வைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் 22ம் தேதி தென்காசித் தம்பி கதவைத் தட்டினார்.

"அண்ணே, ஒரு ஐநூறு கெடைக்குமா? ஒண்ணாந் தேதி குடுத்துருதேன்."

கொடுத்தேன். வட்டி வேண்டாம், அதற்குப் பதில் போன மாத யு.பி.ஐ. கணக்கைக் காட்டுங்கள் என்றேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்ன மாதிரி முகம் சுளித்தாலும் காட்டினார்.

காலை டிபன் தெருமுனைக் கடையில். மத்தியானம் ஆபீஸ் கேன்டீன். இரண்டும் ஒழுங்கு. ராத்திரியில்தான் ரத்தப்போக்கு! ஒரு நாள் தள்ளுவண்டி இட்லி 70, மறுநாள் ஆப்பில் ஃப்ரைட் ரைஸ் 225. மெனுவில் அதே ஃப்ரைட் ரைஸ் 160தான். ஆனால் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று நாலு மைத்துனர்களைக் கூட்டிக்கொண்டுதான் அது வீட்டுக்கு வரும்.

கூட்டிப் பார்த்தோம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் சராசரி 150 ரூபாய். மாதத்துக்கு 4,500.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "ஊருக்கு அம்மாவுக்கு மூவாயிரம்தாண்ணே அனுப்புதேன்" என்றார்.

அதற்கு மேல் நான் பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

மறுநாளே ஹெல்மெட் இடம் மாறியது. நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று வேளையும் சமைக்கக் கூடாது! இப்படிச் சொன்னதும் மூவரும் சந்தோஷமாகிவிட்டார்கள். மூன்று வேளை சமையல் என்று ஆரம்பிக்கிற பிரம்மச்சாரிகள் நாலாவது நாள் அடுப்பைத் துடைத்து ஓ.எல்.எக்ஸ்.ஸில் போட்டு விடுகிறார்கள். காலையில் அவசரம், மத்தியானம் ஆபீஸ். கையில் மிஞ்சுவது ராத்திரி. அதிகமாகப் பணம் போவதும் ராத்திரிதான். ஓட்டை எங்கேயோ அங்கே அடைத்தால் போதும்.

முதல் மாதம் அவர்கள் நோட்டில் இருந்த கணக்கு இது. மூன்று பேருக்கு, 30 ராத்திரி. விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

அரிசி 8 கிலோ 480. துவரம்பருப்பு ஒன்றரை கிலோ 210. பாசிப்பருப்பு அரை கிலோ 65. எண்ணெய் 2 லிட்டர் 320. இட்லி மாவு ஒரு கிலோ பாக்கெட் எட்டு, 400. கோதுமை மாவு, ரவை, சேமியா 200. புளி, மிளகாய், கடுகு, உப்பு, பொடி வகையறா 400. காய்கறி நாளைக்கு 50 வீதம் 1,500. தயிர், பால் 750. முட்டை 60, 400 ரூபாய். ஞாயிறுதோறும் ஒரு கிலோ கோழி, நாலு வாரத்துக்கு 960. ஐந்து கிலோ சிலிண்டர் 600.

ஆக மொத்தம் 6,285. தலைக்கு 2,095. ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய 70 ரூபாய், அதுவும் கோழி, முட்டை உட்பட. தலைக்கு மிச்சம் மாதம் 2,405. வருஷத்துக்கு 28,860. மூவருக்கும் சேர்த்து 86,580 ரூபாய். போன வருஷம் வரை இவ்வளவையும் பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

ஐந்து கிலோ சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறவர்களுக்கு கேஸ் கனெக்‌ஷன் பெரிய தலைவலி, விலாசச் சான்று கேட்பார்கள். இந்தச் சின்ன சிலிண்டருக்கு அடையாள அட்டை காட்டினால் போதும். விலை கிலோ கணக்கில் கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் ஓட்டலுக்குத் தேவலை.

காலண்டர் தாளின் பின்பக்கம்

'இன்னிக்கு என்ன சமைக்கிறது?' இந்தக் கேள்வியை நம் அம்மா தினமும் காலையில் கேட்டிருப்பார். நாம், "ஏதாவது பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு ஓடியிருப்போம். அது கேள்வி இல்லை சார், அதுதான் பட்ஜெட் கூட்டம். பருப்பு ஊற வைப்பதா, மாவு புளித்துவிட்டதா, நேற்றைய கத்திரிக்காய் நாலு மிச்சமா... எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். பசிக்கு முன்னால் கூடுகிற கூட்டம் என்பதுதான் அதன் விசேஷம். பசி வந்த பிறகு கூடினால் தீர்மானம் எப்போதும் ஒன்றுதான்: 'ஆர்டர் போடு!'

எதிர் போர்ஷன்காரர்கள் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏழு வரி எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஞாயிறு கோழி. திங்கள் சாம்பார். செவ்வாய் இட்லி. புதன் முட்டைக் குழம்பு. வியாழன் தோசை. வெள்ளி கீரை, ரசம். சனி புளிசாதம், அப்பளம். இந்த ஏழு வரியைப் பார்த்துத்தான் கடைக்குப் போக வேண்டும். கடைக்குப் போன பிறகு ஏழு வரியை எழுதினால் கூடையில் முதலில் விழுவது மயோனீஸ்.

வேலைப் பிரிவினையும் அதே தாளில். தென்காசி சமையல். கும்பகோணம் காய் நறுக்கல், கடைக்குப் போவது, காபி. சேலத்துக்குப் பாத்திரம்.

"பாத்திரம் மட்டும் நம்மால ஆகாதுங்ணா" என்றார் சேலம்.

"அப்படின்னா நீங்க சமைங்க."

"ஐயோ, அதுக்குப் பாத்திரமே தேவலைங்ணா!"

பிரம்மச்சாரி சமையல் உப்புக் குறைந்ததால் நின்றதாகச் சரித்திரம் இல்லை. தொட்டியில் குவிந்த பாத்திரத்தால்தான் நிற்கிறது. சமைத்தவன் கழுவக் கூடாது, கழுவாமல் யாரும் தூங்கக் கூடாது. இந்த இரண்டு சட்டத்தைக் காப்பாற்றினால் எந்தக் கூட்டணியும் நிலைக்கும்.

'நேரம் எங்கே சார்?' என்பீர்கள். அரிசியும் பருப்பும் குக்கரில் ஏற, ஒருவர் நறுக்க, ஒருவர் தாளிக்க, முக்கால் மணி நேரம். ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டு, மேப்பில் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள் நகர்வதை வெறித்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான்.

அண்ணாச்சி கடையில் வகுத்தல்

இப்போது கடைக்குப் போகலாம். கையில் எடுத்துப் போக வேண்டிய ஆயுதம், நாலாம் வகுப்பில் படித்த வகுத்தல்.

கம்பெனிக்காரர்கள் விலையை ஏற்றினால் நாம் முறைப்போம். அதனால் விலையை அப்படியே விட்டு எடையைக் குறைப்பார்கள். பத்து ரூபாய் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே பண்டம் மட்டும் பத்தியம் இருக்கும். இதற்காகத்தான் 2011ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளில் பிற்பாடு ஒரு திருத்தம் கொண்டுவந்து, கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வைத்தார்கள். எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தை விட்டு அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று சட்டம் எதுவும் இல்லை.

அரிசிக்கும் ஒரு கதை உண்டு. 25 கிலோ வரை லேபிள் ஒட்டி விற்கிற அரிசிப் பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் எடை என்றால் இல்லை. கொஞ்ச நாளில் தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 25 கிலோ சிப்பம் 26 கிலோவாக வளர்ந்துவிட்டது. சரி, அதையே வாங்கலாமா? குடும்பஸ்தர் வாங்கலாம். மாதம் 8 கிலோ வடிக்கிற மூன்று பேருக்கு அது மூன்று மாதச் சரக்கு. மூன்றாவது மாதம் சாப்பிடுவது நீங்களா வண்டா என்பதில் பலத்த போட்டி இருக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காய்ந்த வேப்பிலை, நாலு மிளகாய் வற்றல் போட்டு இறுக்கி மூடுங்கள். அலமாரியில் தூங்குகிற சரக்கும் பணம்தான். 22ம் தேதி அதைக் கொடுத்து பஸ் டிக்கெட் வாங்க முடியாது.

பருப்பை அண்ணாச்சி கடையில் சில்லறையாக நிறுத்து வாங்கலாம். கால் கிலோ என்றாலும் முகம் சுளிக்க மாட்டார். காய்கறிக்குக் கோயம்பேடு மலிவுதான். கொத்தவால் சாவடியிலிருந்து 1996ல் அங்கே குடிபோன மார்க்கெட், மொத்த வியாபாரத்துக்குத்தான் கட்டினார்கள். இரண்டு மூன்று வீடு கூட்டுச் சேர்ந்து வாரம் ஒரு முறை போனால் கட்டுப்படியாகும். ஒற்றை ஆள் ஆட்டோவில் போய் ஒன்றரை கிலோ வெங்காயம் வாங்கினால், வெங்காயம் உரிக்காமலே கண்ணீர் வரும். மற்ற ஊர்க்காரர்களுக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ல் மதுரையில் ஆரம்பித்த திட்டம். விவசாயியே உட்கார்ந்து விற்கிறார், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். காலையிலேயே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

குப்பைக்கூடையின் பங்கு

வாங்கியதோடு கணக்கு முடியவில்லை. வாங்கியதில் எவ்வளவு வாய்க்குப் போகிறது? இந்திய வீடுகளில் தலைக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ம் வருஷத்து அறிக்கை கணக்கிடுகிறது. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்துத்தான். இருந்தாலும் மூன்று பேருக்கு 165 கிலோ. ஆறு சிப்பம் அரிசியின் எடை! குப்பைக்கூடை நம்மோடு சாப்பிட உட்காருகிற நாலாவது ஆசாமி. வாடகையில் மட்டும் பங்கு தர மாட்டார்.

அவரைப் பட்டினி போட நம் வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இட்லி. ஒரு கிலோ பாக்கெட்டில் சுமார் 20 இட்லி, ஒன்று இரண்டரை ரூபாய். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தோசை. அதற்கும் மறுநாள் புளிப்பு ஏறினால் வெங்காயம் தூவி ஊத்தப்பம். ஒரே பாக்கெட், மூன்று அவதாரம். சோறு மிஞ்சினால் புளிக்காய்ச்சல். சாம்பார் மிஞ்சினால் ராத்திரியே ஃபிரிட்ஜ், மறுநாள் கொதிக்க வைத்த பிறகுதான் தட்டு. சென்னை வெயிலில் வெளியே கிடந்த சாம்பாரைச் சிக்கனம் என்று சாப்பிட்டால் மிச்சமெல்லாம் மருந்துக் கடைக்குப் போகும். கொத்தமல்லியை ஈரம் போகத் துடைத்து, பேப்பரில் சுற்றி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும்.

விலை துள்ளுகிற காலத்துக்கும் வழி உண்டு. 2015ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது விவரமான வீடுகளில் பாசிப்பருப்பு சாம்பார் கொதித்தது. 2023 ஜூலையில் தக்காளி சதம் அடித்து, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்க வேண்டி வந்தது. அப்போது பல பேர் சமையலே நின்றுவிட்ட மாதிரி அலறினார்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி சார். அது வருவதற்கு முன்பும் நம் ஊரில் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. வத்தக்குழம்புக்குத் தக்காளி எதற்கு? மோர்க்குழம்புக்கு எதற்கு? விருந்தாளி முறுக்கிக்கொண்டால் நாலு நாள் விட்டுப் பிடியுங்கள், தானே இறங்கி வருவார்.

யார் சமைக்க வேண்டாம்?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். தனி ரூமில் ஒற்றை ஆளாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. ஒருவருக்கு சாம்பார் வைத்தாலும் மூன்று பேருக்கு வைத்தாலும் கேஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான். முருங்கைக்காயில் பாதி வாட ஆரம்பித்துவிடும். அவர் சோறு மட்டும் வடித்து, பருப்புப்பொடி, நல்லெண்ணெய், தயிர், ஒரு முட்டை என்று முடித்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட்காரர் நல்ல மெஸ் ஒன்றில் மாதக் கணக்கு வைப்பதே புத்திசாலித்தனம். மெஸ் என்பது நாற்பது பேர் சேர்ந்து வைத்திருக்கிற ஒரே அடுப்பு, அவ்வளவுதானே! சென்னையில் கையைக் கடிக்கிற நாளுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013ல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். ரெகுலராக ஓட்டலில் சாப்பிடாதே என்றால் ஓட்டலுக்கே போகாதே என்று அர்த்தம் இல்லை. மாதம் இரண்டு முறை நண்பர்களோடு போய், உட்கார்ந்து, சர்வரிடம் "என்னப்பா இருக்கு?" என்று கேட்டுச் சாப்பிடுங்கள். அது செலவு இல்லை, சந்தோஷம்.

மிச்சம் எங்கே?

எல்லாம் செய்தாயிற்று. மாதக் கடைசியில் அந்த 2,405 ரூபாய் கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது! ராத்திரிச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது சனிக்கிழமை ஆஃபரில் ஷூவாக மாறியிருக்கும். அக்கவுண்டில் தங்குகிற மிச்சம் மிச்சமே இல்லை. பார்த்தால் கை நீளும்.

இதற்கும் அம்மாதான் குரு. அப்பா கொடுத்த மளிகைப் பணத்தில் பத்தோ இருபதோ கடுகு டப்பாவுக்குள் போகும். ஏன் கடுகு டப்பா? பீரோவை எல்லோரும் திறப்பார்கள். கடுகு டப்பாவைச் சமைக்கிறவரைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள்! அதுவும் பணம் உள்ளே போவது மாத ஆரம்பத்தில். செலவு போக மிஞ்சியது அல்ல அது, ஒதுக்கியது போக மிஞ்சியதில்தான் குடும்பமே சாப்பிட்டது. நம் பரீட்சை ஃபீஸ் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது, கடுகு வாசனையோடு.

ஆகவே சம்பளம் வந்த மறுநாளே 2,000 ரூபாய் தானாகவே ஆர்.டி.க்குப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்து விடுங்கள். ஐந்து வருஷத்தில் அசல் மட்டும் 1,20,000. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் ஆர்.டி. பிறகு, முதலில் அதை அடையுங்கள். பல கார்டுகளில் மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி, அதாவது வருஷத்துக்கு 36க்கு மேல். அந்த வட்டிக்கு முன்னால் எந்த சாம்பாரும் எடுபடாது. பாக்கி எதுவும் இல்லையென்றால் ஊருக்கு அனுப்புவதில் ஆயிரம் கூட்டுங்கள்.

அம்மா போனில் கேட்பார், "என்னப்பா, சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"இல்லம்மா, சமைக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்று சொல்லுங்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் வராது. பிறகு வரும், பாருங்கள், ஒரு கேள்வி:

"இன்னிக்கு என்ன சமையல்?"

பதில் காலையிலேயே தயாராக இருக்கட்டும்.